சுரண்டக் கூடாத புண்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, முற்பகல் பத்தேகால் மணிக்கு, என் தங்கையின் இடக்கால் முன்னெலும்பின்மேல் இருந்த, சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய புண்ணை ஒரு சிகிச்சை நிலையத்தார் கத்தியால் சுரண்டினர். அது சுரண்டக் கூடாத புண். சுரண்டியதால் அது பெரிதானதைக் கண்ட பின்னும் மேலும் இரண்டு முறை சுரண்டினர். இதுவே என் குறை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே இதை எழுதிவிடுகிறேன். மீதியை எழுதுவதற்குள் நான் களைத்துப்போவேன் என்பது எனக்குத் தெரியும்.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் மொழி கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பிறகு, திருமணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட தங்கை என்னோடு வந்து தங்கினாள். இரண்டாம் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு குளியலறையும் உள்ள வீடு. அந்த ஒரே குளியலறையின் கதவுதான் எங்கள் வீட்டின் கடிகாரம். ஏழு ஆண்டுகளாகத் தங்கைக்குக் குடல் அழற்சி நோய். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, மோசமான நாள்களில் பத்துப் பன்னிரண்டு முறை போக வேண்டியிருக்கும், இரத்தமும் போகும். மாத்திரையில் அடங்கி ஐந்தாறு மாதம் பேசாமல் கிடக்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். அந்த நோய்க்கு அவள் வைத்த பெயர் கீழ்வீட்டுக்காரன். காலையில் நான் நலம் விசாரித்தால், “கீழ்வீட்டுக்காரன் இன்னிக்கு பாத்திரத்தை உருட்டல” என்பாள். அல்லது ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவளுக்கு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் அங்கே துவைபட்டு, ஈரத்தோடு இஸ்திரி உருளைக்கு வரும். உருளையின் முன்னே இருவர் நின்று, விரிப்பின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் நீட்டி உள்ளே விட வேண்டும். ஒரு முனை பிந்தினாலும் துணி சுருண்டு எந்திரம் நின்றுவிடும். ஆகையால் ஒருத்தி நகர்ந்தால் மற்றவளும் சும்மா நிற்க வேண்டியதுதான். தங்கைக்கு மறுமுனை பிடிப்பவளை அங்கே எல்லாரும் நெட்டை என்றே அழைப்பார்கள். தங்கையின் நோயை அந்தக் கூடத்தில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். தங்கை இரும்புச் சட்டத்தை இரண்டு முறை தட்டினால், நெட்டை எந்திரத்தை நிறுத்திவிட்டுத் துணி சிக்கிக்கொண்டதாகக் குரல் கொடுப்பாள். அதற்குள் இவள் கழிவறைக்குப் போய் வந்துவிடுவாள். அந்த எந்திரத்துக்கு ஏதோ தீராத கோளாறு என்று நம்பிய மேற்பார்வையாளர், பழுது பார்ப்பவரை இரண்டு முறை வரவழைத்தாராம்.

மூன்று ஆண்டுகளாக, குடல் கிளர்ந்த போதெல்லாம் அவள் முழங்காலுக்குக் கீழே சிவந்த கட்டிகள் புறப்பட்டன. தொட்டால் சுடும், நடந்தால் குத்தும். அவை பழுக்கவும் இல்லை, உடையவும் இல்லை. சில வாரங்களில் கன்றிப்போன அடி போல நீலம் பாரித்துத் தாமாகவே மறைந்தன. “கீழ்வீட்டுக்காரன் சண்டை போடுறப்பல்லாம் கால்ல வந்து கதவைத் தட்டுறான் அண்ணா, பாத்தியா?” என்று ஒரு நாள் கேட்டாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தால் யாருக்குத்தான் கால் வீங்காது என்று நான் விடை கூறினேன். காரணத்தையும் காரியத்தையும் கண்டபடி முடிச்சுப் போடக் கூடாது என்றும் கூறினேன்.

பிப்ரவரி இறுதியில், ஈரத் துணி ஏற்றி வந்த தள்ளுவண்டியின் விளிம்பு அவள் முன்னங்காலில் இடித்தது. தோல் கிழியவில்லை. மூன்றாம் நாள் அங்கே ஒரு சீழ்க்கொப்புளம் எழுந்தது. ஐந்தாம் நாள் உடைந்தது. இரண்டாம் வாரத்தில் குழியாயிற்று. குழியின் ஓரம் கத்தரிப்பூ நிறத்தில் தடித்து நின்றது. புண்ணின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் பொருத்தமே இல்லை. போர்வை பட்டாலும் பல்லைக் கடித்தாள். அதே வாரத்தில் குடலும் கிளர்ந்தது. ஆகவே நொண்டிக்கொண்டே குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறிப் போனால் புண்களுக்கென்றே நடத்தப்படும் சிகிச்சை நிலையம் ஒன்று இருந்தது. அங்கே முதலில் ஒரு படிவம் தந்தார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் என மூன்று கட்டங்கள் இருந்தன. உண்டு அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். அதன் கீழே, “புண் எப்போது, எவ்வாறு ஏற்பட்டது? சுருக்கமாக எழுதுக” என்று இருந்தது. அந்தப் படிவத்தில் நான்கு ஒற்றுப்பிழைகள் இருந்ததையும் பதிவு செய்கிறேன். அவற்றைத் திருத்திக் கொடுத்தேன். எவரும் நன்றி கூறவில்லை.

காத்திருப்போர் அறையின் நெகிழி நாற்காலியில் அமர்ந்து அவள் சொன்னாள். நான் ஒரு தாளில் எழுதினேன். குடல் நோய், கட்டிகள், மாத்திரைகள், தள்ளுவண்டி, கொப்புளம் என எல்லாவற்றையும் வரிசையாகத்தான் சொன்னாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது. கேள்வியோ புண்ணைப் பற்றியது. கேட்டதற்கு மட்டும் விடை எழுத வேண்டும். கேளாததை எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன் என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பில் கூறி வந்தவன் நான். குறைத்தும் இருக்கிறேன். எனவே குடலைப் பற்றிய முதல் பத்தியையும், கட்டிகளைப் பற்றிய இரண்டாம் பத்தியையும் கோடிட்டு நீக்கினேன். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். கழிவறைச் செய்திகளைக் காகிதத்தில் காண எனக்கும் கூச்சமாக இருந்தது.

“அதையும் எழுதலாமே அண்ணா” என்றாள்.

கேட்கவில்லையே என்றேன்.

“சரிங்க வாத்தியாரே. மார்க்கைக் குறைச்சிடாதீங்க” என்று சொல்லி, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மீதியைப் படிவத்தில் அழகாகப் பெயர்த்து எழுதினேன். ஏழு வரிகள். ஓர் எழுத்துப்பிழை இல்லை.

உள்ளே அறுவை மருத்துவர் அதைப் படித்துத் தலையசைத்தார். இவ்வளவு தெளிவாக எவரும் எழுதிக் கொடுப்பதில்லை என்று பாராட்டினார். செவிலியர், “வேற ஏதாவது சொல்லணுமா?” என்று பொதுவாகக் கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன் என்று நான் விடை கூறினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பத்து நிமிடத்தில் மரப்பு ஊசி போட்டுச் சுரண்டினார்கள்.

இரண்டே நாளில் புண் இருமடங்காயிற்று. சுரண்டிய ஓரம் எல்லாம் ஊதாவாகி உள்ளிருந்து இற்றுப்போயிற்று. மார்ச் இருபத்தொன்றாம் தேதி மீண்டும் போனோம். கிருமி பிடித்திருக்கிறது என்றார்கள், பஞ்சில் ஒற்றியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், மறுபடியும் சுரண்டினார்கள். சோதனையில் கிருமி இல்லை என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டைக் கோப்பில் குத்திவிட்டுக் கிருமிக்கான மாத்திரையையே இரட்டிப்பாக்கினார்கள். இருபத்தெட்டாம் தேதி மூன்றாம் முறை. அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. சுரண்டச் சுரண்டப் பெரிதாகிறதே, ஏன் சுரண்டுகிறீர்கள் என்று வினவினேன். மருத்துவர் கையுறையைக் கழற்றாமலே பேசினார். “அழுகினதை எடுத்தாத்தான் சார் நல்ல சதை வளரும். வீட்டுல அழுகின பழத்தைக் கூடைக்குள்ளயேவா வச்சிருப்பீங்க?”

உவமை நன்றாக இருந்தது. உவமை நன்றாக இருந்தால் பொருளும் சரியாக இருக்கும் என்று நம்புவது என் தொழில் எனக்குத் தந்த நோய்.

அந்த மாதத்தை எப்படிக் கடந்தோம் என்று விவரிக்க எனக்குத் தெம்பில்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு வந்தாள். நான் வாசலில் முதுகைக் காட்டி நின்றேன். கட்டு அவிழ்க்கும்போது அவள் தலையணை உறையைக் கடித்துக்கொண்டாள். பேருந்தில் எவரேனும் எழுந்து இடம் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவர் கட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கிழடுகள், ஒரு கால், பன்னிரண்டு படிக்கு ஒரு திருப்பமாக நாற்பத்தெட்டுப் படிகள்.

ஒரு ஞாயிறன்று நெட்டை வந்தாள். தங்கையின் புண் ஒட்டிக்கொள்ளும் என்று கூடத்தில் பேச்சு எழுந்திருக்கிறதாம். அவள் உட்காரும் முக்காலியை யாரோ வெளியே தூக்கி வைத்துவிட்டார்களாம். அதைத் தானே உள்ளே கொண்டுவந்து, ஒட்டுகிறதா என்று எல்லாருக்கும் எதிரில் உட்கார்ந்து காட்டினாளாம். “உன் இடத்துக்கு ஒருத்திய விட்டிருக்காங்க. துணி முனைய பாம்பு வாலைப் புடிக்கிற மாதிரி புடிக்கிறா. இப்பதான் மெஷின் நெஜமாவே சிக்குது” என்றாள். தங்கை சிரித்தாள். அந்த மாதத்தில் நான் அவள் சிரிக்கக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஏப்ரல் இரண்டாம் நாள், புண் உள்ளங்கை அளவாகி அடியில் தசைநாண் தெரிந்தபோது, மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். எலும்புக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து; முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவது நல்லது; ஒன்பதாம் நாள் செய்யலாம்; முந்திய நாளே வந்து சேர வேண்டும். ஒப்புதல் தாளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். வீட்டில் தங்கை அதை மேசைமேல் வைத்து, மேலே கண்ணாடிக் கூட்டை எடுத்து வைத்தாள்.

“ஒத்தக் கால்ல நிப்பேன்னு பிடிவாதக்காரங்களத்தான் சொல்லுவாங்க. நான் எதுக்குமே பிடிவாதம் பிடிச்சதில்லையே அண்ணா” என்றாள்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, அவளுடைய குடல் மாத்திரை தீர்ந்தது. கால் போகப் போகிறவளுக்குக் குடலாவது அடங்கியிருக்கட்டும் என்று, மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க நான் மட்டும் குடல் மருத்துவரிடம் போனேன். அவர் ஐம்பது வயது அம்மையார், குறைவாகப் பேசுவார். ஏன் அவள் வரவில்லை என்று கேட்டார். காலில் புண் என்றேன். எழுதிக்கொண்டே, எந்த இடத்தில் என்றார். முன்னெலும்பின்மேல் என்றேன்.

பேனா நின்றது. “ஓரம் என்ன நிறம்?”

ஊதா என்றேன்.

“சுரண்டினாங்களா?”

மூன்று முறை என்றேன். ஒவ்வொரு முறையும் பெரிதாயிற்று என்பதையும், கிருமி இல்லை என்ற சீட்டையும், ஒன்பதாம் நாளையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் நாற்காலியில் நேராக நிமிர்ந்தார்.

அந்த நோய் குடலோடு நிற்பதில்லை என்று அவர் விளக்கினார். தோல், கண், மூட்டு என்று எட்டிப் பார்க்கும்; சிவந்த கட்டிகள் அதன் சிறிய முகம்; இந்தப் புண் அதன் பெரிய முகம். அதற்கு ஒரு நீளமான பிறமொழிப் பெயர் சொன்னார். பெயருக்குள் சீழும் அழுகலும் இருக்கின்றனவாம். புண்ணிலோ கிருமியும் இல்லை, அழுகலும் இல்லை. உடம்பின் காவற்படையே வழி தவறித் தோலைத் தின்கிறது. அந்தத் தோலில் சிறு அடி பட்டாலே புண் கிளம்பும். கத்தி பட்டால் பரவும். காலை வெட்டினால், வெட்டிய இடத்திலும் அதுவே மறுபடி தொடங்கலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“குடல் நோய் இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லலையா?”

கேட்கவில்லை என்றேன். அது உண்மையான விடை; ஆனால் சரியான விடை அன்று. அவர் அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்துத் தோல் மருத்துவரிடம் பேசி, அன்று பிற்பகலே தங்கையை அழைத்து வரச் சொன்னார்.

தோல் மருத்துவர் புண்ணின் விளிம்பை விளக்கு வைத்துப் பார்த்தார்; பழைய சீட்டுகளையெல்லாம் படித்தார்; வேறு நோய்கள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார்; பிறகு கத்தி, கத்தரி எதையும் எடுக்காமல் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினார். மெல்லிய, ஒட்டாத கட்டு மட்டும் போட்டார்கள். நான்கு நாள் கழித்து, காலையில் தங்கை என்னைக் கூப்பிட்டு, போர்வையைக் காலின்மேல் இழுத்து விட்டாள். முகத்தைச் சுளிக்கவில்லை. நாங்கள் இருவரும் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று ஏப்ரல் ஒன்பது.

அன்று மாலைதான் நான் வாயைத் திறந்தேன். அந்த இரண்டு பத்திகளையும் நீக்கியவன் நான். செவிலியர் கேட்டபோது உன்னைப் பேச விடாதவனும் நான் என்றேன். சொற்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் வாக்கியம் முடியவில்லை.

“தெரியும். பக்கத்துலதான உக்காந்திருந்தேன்” என்றாள். சற்றுப் பொறுத்து, “நீ கோடு போட்டப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அந்த டாக்டர் சின்ன வயசு. அவர் எதிர்ல அதெல்லாம் சொல்ல வேண்டாமேன்னு. நான் வாயத் தொறந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? காதப் புடிச்சுத் திருகவா போற?” என்றாள்.

நான் அவள் காலின்மேல் போர்வையைச் சரிசெய்தேன்.

“கால் போகுதுன்னு சொன்னப்பவும் எனக்கு அதைச் சொல்ல வரல அண்ணா. காலை விட அது பெரிய வெக்கமா இருந்துச்சு. நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு.”

பிறகு கீழ்வீட்டுக்காரன் கூப்பிட்டான். நான் தோளைக் கொடுத்தேன்.

புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. ஸ்டீராய்டால் அவள் முகம் உப்பியது, தூக்கம் கெட்டது, காரணமின்றிக் கோபம் வந்தது. கால் இருக்கிறது. தழும்பு சல்லடை போல, கசங்கி நீரில் நனைந்து காய்ந்த தாள் போல இருக்கிறது. உருளை முன்னே எட்டு மணி நேரம் நிற்க இனி முடியாது. கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். முன்னே ஒட்டிக்கொள்ளும் என்றவர்கள் இப்போது பரிதாபப்படுகிறார்கள். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது என்கிறாள். நெட்டை இடைவேளையில் வந்து புது ஆளைப் பற்றிப் புறங்கூறிவிட்டுப் போகிறாள்.

சிகிச்சை நிலையத்துக்கு நான் ஆறு பக்கத்தில் முறையீடு எழுதினேன். ஒவ்வொரு தேதியும் அதில் உண்டு. மூன்று கட்டங்களோடு நின்றுவிட்ட படிவத்தையும், கிருமி இல்லை என்ற சீட்டை மதியாததையும், பெருகும் புண்ணை மூன்று முறை சுரண்டியதையும் கண்டித்திருந்தேன். மூன்று வாரம் கழித்து விடை வந்தது. அத்துடன், நான் நிரப்பிய படிவத்தின் படியை இணைத்திருந்தார்கள். நோயாளியின் தரப்பில் அளிக்கப்பட்ட வரலாற்றில் குடல் நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை என்று ஒரே வரி. அதில் பிழை ஏதும் இல்லை. அதைத் தேடித்தான் முதலில் படித்தேன்.

அவர்கள் செய்தது தவறே. நோயாளி சொல்லாததையும் கேட்டு அறிவது மருத்துவரின் கடமை. புண் வளர்வதைக் கண்டு கை நிற்க வேண்டும். படிவம் குடலையும் கேட்க வேண்டும். இவற்றில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெற மாட்டேன். அவர்களுக்கு மறுமுறையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் திருந்தும்வரை காத்திருக்க உங்கள் காலுக்கு நேரம் இராது. எனவே உங்களிடமே கேட்கிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ குடலில் இந்த நோய் இருந்து, தோலில் கட்டியோ புண்ணோ கண்டால், எந்த மருத்துவர் முன் அமர்ந்தாலும் குடலைப் பற்றி முதலில் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வெட்கம் வந்தால் வெட்கத்தோடே சொல்லுங்கள். உங்களுடன் என்னைப் போன்ற ஒருவர் துணைக்கு வந்து, உங்களுக்காக எழுதிக் கொடுக்க முன்வந்தால், அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.